கீரிமலைக் காணிக்கு ஒரு மேசைப் பிளான்

எங்கள் சங்கத்தின் வரலாற்றுப் புத்தகம் தபாலில் வந்தது. இலங்கை முழுவதிலும் உள்ள நில அளவையாளர்களின் சங்கம் அது. நானும் அதில் ஓர் உறுப்பினன், வடக்குக் கிளைக்குச் செயலாளன் வேறு. தடித்த அட்டை, வழுவழுப்பான தாள், கோட்டுப் போட்டு ரை கட்டிய பழைய தலைவர்களின் படங்கள். மேல் மாகாணம், மலைநாடு, தெற்கு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு எங்கள் கிளை எங்கே என்று தேடினேன். ஒரு வரி இருந்தது. ‘வடக்குக் கிளை பற்றிய விபரங்கள் கிடைக்கவில்லை.’

இரண்டு நாள் வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்க முடியவில்லை. தேத்தண்ணியில் சீனி கூட என்று கத்தினேன், குறைய என்றும் கத்தினேன். இத்தனை வருடம் கிளை நடத்தினோமே, எங்களுக்கு ஒரு வரியா என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். மூன்றாம் நாள் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“நீங்கள் எழுதி அனுப்பினனீங்களே?”

எழுதினேன். அனுப்பவில்லை. யுத்தம் வந்ததால் அனுப்பவில்லை என்றுதான் இதுவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வருகிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன், அவரும் இப்போது என்னோடு கதைப்பதில்லை. கிளையின் வரலாறு என்று ஒன்று இருந்தால் அந்தப் பாதிதான் வரலாறு. ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

மலைநாட்டில், தியத்தலாவைக் குளிரில் நாங்கள் அளவை படித்த காலத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்தான் பெயர். நான் கோப்பாய். என்னோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் பண்டத்தரிப்பு. எங்களுக்கு அடுத்த கட்டிலில் படுத்த சிங்களப் பெடியன் குருநாகல். மூன்று பேரும் கோணம் அளக்கும் ஒரே தியோடலைற்றைத் தோள் மாற்றித் தோள் மாற்றி மலையெல்லாம் தூக்கித் திரிந்தோம். பிற்காலத்தில் தலை நரைத்து, சங்கத்தில் பதவிகள் வகித்தபோதும் கடிதத்தில் ‘அன்புள்ள கோப்பாய்’ என்றுதான் குருநாகல் தொடங்குவான்.

எங்கள் மூவரிலும் பண்டத்தரிப்புத்தான் கெட்டிக்காரன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருடம் பிடித்தது. ஒரு காணியைச் சுற்றி அளந்துகொண்டு வந்தால் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியவேண்டும். என் கோடுகள் ஒருபோதும் நேரே வந்து சேர்ந்ததில்லை. அங்கே ஒரு அங்குலம், இங்கே ஒரு அங்குலம் என்று தட்டிக்கொட்டிச் சேர்ப்பேன். அவனுடையது பூட்டுக்குள் திறப்புப் போவது மாதிரி வந்து சேரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தியத்தலாவையில் எங்களுக்கு முதலாவதாகச் சொல்லித் தந்தது ஒரு விதி: மிதிக்காத காணிக்குக் கையெழுத்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு பிளானின் அடியிலும் ‘என்னால் அளக்கப்பட்டது’ என்று எழுதி, திகதி போட்டு ஒப்பமிடுகிறோம். அந்தத் திகதியில் நாங்கள் அந்த மண்ணில் நின்றிருக்க வேண்டும். நிற்காமல், கந்தோர் மேசையில் இருந்தபடி பழைய குறிப்பை வைத்துக் கீறினால் அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மேசைப் பிளான். களவெடுத்தவனைக்கூட மன்னிப்பார்கள், மேசைப் பிளான் போட்டவனை மன்னிக்கமாட்டார்கள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் தொடங்குமுன் தலைவர் எழுந்து, சேர்ந்த வரிசைப்படி எல்லா உறுப்பினர்களின் பெயரையும் கூப்பிடுவார். இருப்பவர் குரல் கொடுப்பார். அந்த வருடம் செத்தவரின் பெயர் வந்தால் சபை முழுக்க எழும்பி நிற்கும். பண்டத்தரிப்பும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். முதலில் அவன் பெயர், அதற்கு அடுத்தது என் பெயர். அவன் குரல் கேட்டதும் நான் தொண்டையைச் செருமத் தொடங்கிவிடுவேன்.

வருடாவருடம் இரண்டு பேரும் காலை ரயிலில் கொழும்புக்கு ஒன்றாகப் போவோம். அவன் வாழையிலையில் புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டு வருவான். வவுனியா தாண்டுமுன் அது முடிந்துவிடும். எண்பத்து மூன்றிலும் அப்படித்தான் போக ஆயத்தமாக இருந்தோம். ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. எங்கள் கிளை உறுப்பினர் ஒருவர் கொழும்பில் கந்தோர் வைத்திருந்தவர். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவர் கையில் தியோடலைற் பெட்டி மட்டும் இருந்தது. காலில் செருப்பு இல்லை. மூன்று மாதத்தில் கனடாவுக்குப் போனார், பெட்டியையும் கொண்டுதான் போனார்.

சங்கம் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. ‘ஏற்பட்ட அசௌகரியங்களுக்கு வருந்துகிறோம்’ என்று அதில் இருந்தது. நான் சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று ரைப் அடித்துவிட்டேன். பண்டத்தரிப்புத்தான் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தவன்.

“உனக்கு விசரே? சங்கமெண்டுறது உந்தக் கடிதம் எழுதினவன் மட்டுமே? குருநாகலும்தான் சங்கம். அவன் தனிய எழுதின போஸ்ற்காட்டைப் பார்த்தனிதானே. பேரை நாங்களே வெட்டக் கூடாது.”

உண்மைதான். குருநாகல் தனியாக ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தான். வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு கிளை தேயத் தொடங்கியது. பதினொரு பேர் இருந்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் கூடி, வடை தின்று, யாருடைய எல்லைக்கல்லை யார் பிடுங்கினார்கள் என்று சண்டை பிடிப்போம். ஒருவர் இலண்டனுக்கு, ஒருவர் மட்டக்களப்புக்கு என்று போனார்கள். இந்திய ஆமி வந்த காலத்தில் மேல்மாடியில் செல் குண்டு விழுந்தது. தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கி, ரயிலும் இல்லை, தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று ஆனபோது கிளையில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும், கண் பார்வை போன ஒரு பெரியவரும். நான் செயலாளன். என்னிடம் ரைப்ரைட்டர் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அந்த வருடம்தான் வலிகாமம் வடக்குச் சனங்கள் ஊரை விட்டு எழும்பினார்கள். கீரிமலைப் பக்கம் முழுக்க ஆமியின் எல்லைக்குள் போய்விட்டது. கேணியில் குளிக்கப் போகும் வழியில் தோட்டம் செய்த ஒரு மனிதர், உடுத்த வேட்டியோடு பண்டத்தரிப்பில் சொந்தக்காரர் வீட்டில் வந்து இருந்தார். அடுத்த வருடம் அவருடைய மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. சீதனம் அந்தக் கீரிமலைக் காணிதான். வேறென்ன இருக்கிறது அவரிடம்? காணி உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு பிளான் கேட்டார். பழைய பிளான் வீட்டோடு போய்விட்டது.

பண்டத்தரிப்பு அந்தக் காணியைக் கலவரத்துக்கு முன் அளந்தவன். அவனுடைய களப் புத்தகத்தில், அதாவது நிலத்தில் நின்று எழுதும் குறிப்புப் புத்தகத்தில், எல்லாம் இருந்தது. அதை வைத்துப் பிளான் கீறிக் கொடுத்தான். வீடு, கிணறு, மாமரம் எல்லாவற்றையும் போட்டான். அடியில் ‘என்னால் அளக்கப்பட்டது’ என்று எழுதி, அன்றைய திகதியையும் போட்டுக் கையெழுத்து வைத்தான்.

கலியாணம் நடந்தது. அதோடு போயிருக்கும். ஆனால் கீரிமலைக்காரருக்கு அடுத்த காணிக்காரரும் எங்கோ அகதியாக இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு முழ வேலிக்காகப் பதினைந்து வருடச் சண்டை. இப்போது வேலி இல்லை, கதியால் இல்லை, காணிக்குப் போகப் பாதையே இல்லை. வழக்கு மட்டும் உயிரோடு இருந்தது. எங்கள் சனங்களை என்ன செய்வது? அந்த அடுத்த காணிக்காரர் பிளானைக் கண்ணால் கண்டுவிட்டு, கிளைச் செயலாளன் என்று எனக்கு முறைப்பாடு எழுதினார். ஒரு காக்காய்கூடப் போகமுடியாத இடத்தை இந்தச் சேவையர் எந்தக் காலால் போய் அளந்தார் என்று கேட்டிருந்தார். கேள்வி சரியான கேள்வி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன். மத்தியான வெயில். அவன் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான்.

“நீ இதைச் செய்தனியோ?”

“ஓம்.”

“‘பழைய களக்குறிப்பின்படி’ எண்டு ஒரு வரி போட்டிருந்தால் முடிஞ்சுதே. ஒருத்தனும் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டான்.”

“போடப் போனனான். அந்த மனுசன் கையைப் பிடிச்சுப்போட்டுது. அந்த வரியைக் கண்டால் மாப்பிளை வீட்டுக்காரர், காணி இல்லையெண்டு நினைப்பினம் தம்பி எண்டுது.”

“வீட்டையும் போட்டிருக்கிறாய். வீடு இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?”

“இல்லையெண்டு உனக்குத் தெரியுமோ?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சங்கத்துக்கு எழுதத்தான் போகிறேன் என்றேன். எழுது என்றான். தடுக்கவில்லை. உள்ளே போய், கொப்பித் தாளில் இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக்கொண்டு வந்து தந்தான். தமிழில் எழுதியிருந்தான். சங்கத்துக் கடிதமெல்லாம் இங்கிலிசில்தான் போகும்; அவனுக்கு என்னைவிட நல்ல இங்கிலிசு தெரியும்.

“இதை எனக்குத் தமிழிலைதான் சொல்ல வருகுது. நீ இங்கிலிசிலை அடிச்சு முறைப்பாட்டோடை சேர்த்து அனுப்பு. குருநாகல் இப்ப நிர்வாக சபையிலை இருக்கிறான். அவன் வாசிச்சா விளங்கிக்கொள்ளுவான்.”

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை வாசித்தேன். இன்றைக்கும் பல வரிகள் பாடமாக இருக்கின்றன. ‘நில அளவையாளன் கண்டதை மட்டுமே எழுதவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நான் அந்தக் காணியில் ஒரு வீட்டைக் கண்டேன். அதன் நாலு மூலையிலும் அளவுச் சங்கிலி பிடித்தேன். முன் விறாந்தையில் இருத்தி எனக்கு மோர் தந்தார்கள். அந்த வீடு இல்லை என்பதை நான் காணவில்லை. காணாததை எப்படி எழுதுவது? என்னை அங்கே போகவிட்டு, வீடு இல்லாத நிலத்தைக் காட்டினால், என் கையாலேயே அழித்துவிடுகிறேன். திகதி போட்டது பிழை. அதற்கு என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.’

அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததில் இன்னும் கோபம் வந்தது. விதியை மீறினவன் அவன், விதிப்படி நடந்தவன் நான். ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்குப் பக்கத்தில் என் விதி கூனிப்போய் நின்றது. எதிலும் அவனுடைய கோடுதான் வந்து சேர்கிறது என்று நினைத்தேன். கொழும்புக்குப் போக நின்ற ஒருவர் பொழுது படுமுன் கடிதத்தைத் தரச் சொல்லியிருந்தார். மூன்று மணித்தியாலம் இருந்தது, இரண்டு பக்கத்தை மொழிபெயர்க்க அது தாராளம். நான் ரைப்ரைட்டரில் தாளைச் செருகி, முறைப்பாட்டின் கீழே ஒரு வரி அடித்தேன்.

‘உறுப்பினர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.’

கடிதம் போனது. அவனுடைய இரண்டு பக்கமும் என் அலுமாரிக்குள் போனது.

விசாரணைக்கு வரச்சொல்லிச் சங்கம் அவனுக்கு அனுப்பிய அழைப்பு, விசாரணை முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. வந்திருந்தாலும் எப்படிப் போவான்? அவன் இல்லாமலே முடித்தார்கள். ஒப்புக்கொண்டவனை என்ன விசாரிப்பது? பெயரை நீக்கியாகிவிட்டது என்ற தீர்மானம், அவனிடம் கையளிக்கும்படி என் விலாசத்துக்கு வந்தது. சைக்கிளில் போனால் ஒன்றரை மணித்தியாலம். நான் போகவில்லை. முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். அடுத்து வந்த உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் தெற்கே காலியைச் சேர்ந்த யாரோ ஒருவரின் பெயர் இருந்தது.

பெயர் போனபிறகு நொத்தாரிசுமார் அவனுடைய பிளானை ஏற்கவில்லை. வெங்காயம் செய்தான். எங்கள் பக்கச் சந்தையில் ஒருநாள் கண்டேன். சாக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நான் மற்ற வாசலால் வெளியே வந்துவிட்டேன். இப்படியே நாலு வருடம்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் நின்றது. கப்பலில் கடிதங்கள் கெதியாக வரத் தொடங்கின. குருநாகலின் கடிதமும் வந்தது. இப்போது அவன்தான் சங்கத்தின் செயலாளன். ‘அன்புள்ள கோப்பாய், சங்கத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம். வடக்குக் கிளைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். உன்னைத் தவிர எழுத ஆள் இல்லை.’ அடியில் கையால் சேர்த்திருந்தான்: ‘பண்டத்தரிப்பு ஏன் ஒரு வார்த்தைகூட விளக்கம் எழுதவில்லை? எழுதியிருந்தால் நான் போராடியிருப்பேன்.’

அந்த அடிக்குறிப்பை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமுடியாது. தாளைத் திருப்பி வைத்தாலும் எழுத்து தெரிவதுபோல இருந்தது.

எழுதத் தொடங்கினேன். மேல்மாடி, வடை, ரயில், எரிந்த கந்தோர், செருப்பில்லாத கால், எல்லாம் வந்தன. ஆறாம் பக்கத்தில் பண்டத்தரிப்பின் கதை வந்தது. பேனை நின்றுவிட்டது. அவனைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மனிதன் மெலிந்திருந்தான். வா என்றான், இரு என்றான், தேத்தண்ணி தந்தான். நாலு வருடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரலாறு எழுதுகிற கதையைச் சொன்னேன்.

“எழுதுறதெண்டா முழுக்க எழுது. என்ரை பேரை வெட்டினதையும் எழுது. ஒளிக்காதை.”

“எழுதுறன்.”

“ஒரு உதவி செய்வியோ? நான் அண்டைக்குத் தந்த கடிதம், அதை அப்பிடியே அதிலை போடு. பேரைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேக்கேல்லை.” வெற்றுக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தான். “எனக்குப் பேர் போனது பெரிசில்லை, கோப்பாய். அதை வாசிச்சுப்போட்டும் வெட்டினாங்கள் பார், அதுதான். குருநாகலும் வாசிச்சிருப்பான். வாசிச்சுப்போட்டு, சரி வெட்டுங்கோ எண்டு கை தூக்கியிருப்பான். நான் எழுதினது ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ? படுத்தா நித்திரை வருகுதில்லை. புத்தகத்திலை வந்தா வேறை ஆராவது வாசிப்பினம்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரை வந்தது. போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அவன் படலை வரை வந்து வழியனுப்பினான்.

கடிதத்தைப் புத்தகத்தில் போட்டால் குருநாகல் வாசிப்பான். இது ஏன் அப்போது வரவில்லை என்று கேட்பான். போடாவிட்டால் பண்டத்தரிப்பு கேட்பான். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு மாதம் குந்தியிருந்தேன். கடைசியில் ஒருவழியாக இரண்டு பக்கத்தையும் இங்கிலிசில் ஆக்கி, அதன் கீழே, இதை அனுப்பாதவன் நானே என்றும் எழுதினேன். எழுதி முடித்தபோது சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. அப்போதும் கப்பல் இடைக்கிடை ஓடியது. அடுத்த கப்பலுக்கு, அடுத்த கப்பலுக்கு என்று தள்ளினேன். பத்துப் பக்கமும், அவனுடைய கையெழுத்துக் கடிதமும் ஒரே உறையில் அலுமாரிக்குள் இருந்தன. யுத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆமி நெருங்க, ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழும்பியது. ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள், உடனே வெளிக்கிடச் சொல்லி. சைக்கிளில் அரிசி, மனைவியின் தையல் பெட்டி, உறுதிகள், ரைப்ரைட்டர். அலுமாரியை நான் திறந்தேன். உறையைக் கண்டேன். திரும்பவும் பூட்டினேன். மறந்துபோனேன் என்று சொல்லலாம், ஆனால் மறக்கவில்லை. தென்மராட்சிக்குப் போகும் பாலத்தடியில் மழைக்குள் ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம் நின்றோம். அங்கேயே ரைப்ரைட்டரையும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பம். மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த மூலைக்குப் பக்கத்து மூலையில் ஒரு யூரியாப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒருவன் படுத்திருந்தான். பண்டத்தரிப்பு. அவன் மனைவி பக்கத்தில் ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“வந்திட்டியோ, கோப்பாய்?” என்றான், சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிந்தி வந்தவனைக் கேட்பதுபோல.

யூரியாப் பைக்குள் இருந்தது அவனுடைய களப் புத்தகங்கள். கையெழுத்து வைக்க உரிமையில்லாதவன், உடுப்பை விட்டுவிட்டு அவற்றைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பொலித்தீன் சுற்றி, ஒரு தாள்கூட நனையாமல். உரிமை உள்ளவன் நான் என்னுடையதை எல்லாம் கோப்பாயில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

காலையில் நிவாரணத்துக்குப் பெயர் கூப்பிடுவார்கள். தொண்டர் ஒருவர் வாசலில் நின்று, வகுப்பறைப் பட்டியலை வைத்துக்கொண்டு, பாய் விரித்த வரிசைப்படி வாசிப்பார். முதலில் அவன் பெயர். அடுத்தது என் பெயர். முதல்நாள் அவன் குரல் கொடுத்ததும் நான் என்னை அறியாமல் தொண்டையைச் செருமினேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு கிழமை போயிருக்கும். கீரிமலைக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கோயில் மடத்தில் இருந்தாராம். சட்டைக்குள்ளிருந்து ஒரு சிறிய துணிப்பையை எடுத்து அவிழ்த்தார். அந்தப் பிளான். மழையில் கூழாகிப்போயிருந்தது, விரிக்கவே முடியவில்லை.

“தம்பி, இன்னொண்டு கீறித் தருவியளோ? ஆருக்கும் காட்டுறதுக்கில்லை. கையிலை ஒண்டும் இல்லாமல் இருக்கேலாமல் கிடக்கு.”

“என்ரை கையெழுத்து இப்ப செல்லாது, ஐயா. நான் கீறுறன். கோப்பாய் வைப்பான்.”

என்னைக் கேட்கவேயில்லை. கணித வகுப்பில் கிடந்த கோட்டுத்தாளை எடுத்து, மேசையில் விரித்து, களப் புத்தகத்தைத் திறந்து இரண்டு மணித்தியாலத்தில் கீறி முடித்தான். மேசைப் பிளான்தான். வீடு, கிணறு, மாமரம். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து நின்றது. கீரிமலைக்காரர் வீட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் பேனையை எடுத்தேன். வாழ்க்கையில் மிதிக்காத காணி. ‘என்னால் அளக்கப்பட்டது’ என்று எழுதி, திகதி போட்டேன். அவனுக்குச் செய்ததற்கு இது ஈடாகும் என்று, சத்தியமாக, அந்த நேரத்தில் நம்பினேன். கையெழுத்து வைக்கப் போகும்போது அவன் என் கையைப் பிடித்தான்.

“பழைய களக்குறிப்பின்படி எண்டு எழுது.”

“நீ எழுதேல்லையே.”

“நான் எழுதாமல் பட்டது போதும். ரெண்டு பேரிலை ஒருத்தன்ரை பேராவது இருக்கட்டும், மச்சான்.”

“என்னவெண்டாலும் எழுதுங்கோ தம்பியவை,” என்றார் கீரிமலைக்காரர். “வீட்டை மட்டும் அழியாதேங்கோ.”

எழுதினேன். எழுத்து கோணிப்போனது. அவர் பிளானை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனபிறகு, கிணற்றடியில் பண்டத்தரிப்பு முகம் கழுவிக்கொண்டு நின்றான். அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம். அந்த ஒரு சொல்தான் என்னை உடைத்தது. பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

“உன்ரை கடிதத்தை நான் அனுப்பேல்லை.”

அவன் துவாயை முகத்திலிருந்து எடுத்தான்.

“எந்தக் கடிதம்?”

“அண்டைக்குத் தந்தது. ரெண்டு பக்கம். நான் அதை அனுப்பேல்லை. ஒப்புக்கொள்ளுறான் எண்டு ஒரு வரி அடிச்சு விட்டனான்.”

“அப்ப குருநாகல் வாசிக்கேல்லை.”

“இல்லை.”

“ஒருத்தரும் வாசிக்கேல்லை.”

“ஒருத்தரும் வாசிக்கேல்லை. நீ ஏன் எழுதேல்லையெண்டு குருநாகல் என்னட்டைக் கேட்டு எழுதியிருந்தவன்.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் கிணற்றுக் கட்டின்மேல் குந்தினான். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. நாலு வருடமாகச் சுமந்த எதையோ இறக்கிவைத்தவன்போல மூச்சு விட்டான்.

“வாசிச்சுப்போட்டு வெட்டேல்லை அவங்கள்,” என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். “நல்லது. நாலு வருசமா நான் குருநாகலோடை மனசுக்குள்ளை சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தனான். பாவம் அவன்.”

“கடிதம் இப்பவும் இருக்கு. கோப்பாயிலை, அலுமாரிக்குள்ளை.”

“ஓம்,” என்றான். “கோப்பாயிலை.”

ஆறு மாதம் கழித்து நாங்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்கு ஓடு இல்லை. அலுமாரி முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது, உள்ளே இருந்ததெல்லாம் செல்லரித்த சேறு. குருநாகலுக்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. அவன் பாவம், காத்திருந்து பார்த்துவிட்டு அந்த ஒரு வரியைப் போட்டிருப்பான். அவனை நான் என்ன குறை சொல்வது?

கிணற்றடியில் நான் சொன்ன அன்று பின்னேரம் பண்டத்தரிப்பு வகுப்பறைக்கு வந்தான். மனைவியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னான். இரண்டு பேரும் பாயைச் சுருட்டினார்கள். யூரியாப் பையை அவன் தோளில் தூக்கினான். என் மனைவி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். மற்றக் கட்டடத்தில் காற்று வருகிறது என்று அவன் மரியாதையாகப் பதில் சொன்னான். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் காலை தொண்டர் வாசலில் வந்து நின்று எங்கள் வகுப்பறைப் பட்டியலை வாசித்தார். அவன் பெயர் இப்போது மற்றக் கட்டடப் பட்டியலில். நான் அவன் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அதனால் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். ஆள் இல்லையாக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.